வாயில் ஒண்ணும் படக்கூடாது

பீர் மைதீன் படுத்துத் தூங்கி ஆறு வருஷம் ஆகிறது. சுவரோடு தலையணையைச் சாய்த்து, அதில் முதுகைக் கொடுத்து, உட்கார்ந்தபடியேதான் உறக்கம். உடம்பைக் கொஞ்சம் சரித்தால் போதும், யாரோ நெஞ்சில் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட ஆளிடம்தான் டாக்டர் அம்மையப்பன், "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். அரை மணி நேரம். கூடவும் ஆகலாம்" என்றார்.

"படுக்கணுமா சார்?"

"பொறவு? பின்பக்கமா குழாயை விட்டுக் குடல் பூராவும் பாக்கணும். நின்னுக்கிட்டா பாக்க முடியும்?"

"படுத்தா எனக்கு மூச்சு நின்னுரும்."

"அதைத்தான் உம்ம நெஞ்சு டாக்டரும் எழுதியிருக்காரு." டாக்டர் மேஜையில் கிடந்த சீட்டைத் தட்டினார். "எல்லாருக்கும் ஒரு ஊசியைப் போட்டு அரைமயக்கத்துல வச்சுத்தான் இதைச் செய்வோம். உமக்கு ஊசி கிடையாது. இருக்க மூச்சையும் அது அமத்திரும். முழிச்சுக்கிட்டேதான் கெடக்கணும். முடியுமா?"

பீர் மைதீன் வாயைத் திறப்பதற்குள், பின்னால் துப்பட்டியை இழுத்துப் போர்த்தி நின்ற ஜமீலா பீவி, "முடியும் சார்" என்று சொல்லிவிட்டாள். புருஷன் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. நல்லாக் கேட்டுக்கிடும்," என்றார் டாக்டர். "ரெத்தம் குடல்ல எங்கனயோ இருந்துதான் வருது. உள்ள ஒரு கட்டி இருக்கும்னு நெனைக்கேன். அது காம்பு வச்சுத் தொங்குச்சுன்னா தப்பிச்சீரு. குழாய் வழியாவே கம்பியை விட்டு, சுருக்குப் போட்டு எடுத்துரலாம். சுவரோட சுவராப் படர்ந்திருந்தா வயித்தைக் கிழிக்கணும். கிழிக்கதுக்கு முழு மயக்கம் கொடுக்கணும். இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு..."

காம்பா, சுவரா. ஜங்ஷனிலிருந்து மேலப்பாளையம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் பீர் மைதீனுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

மேலப்பாளையத்தில் பீடிக் கம்பெனிக் கிட்டங்கி ஒன்று உண்டு. சாக்குச் சாக்காகப் புகையிலை வந்து இறங்கும். அதை இடித்து, சலித்து, மூன்று நாலு ரகத்தைக் கலந்து தூளாக்கினால்தான் வீடுகளில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு எடை போட்டுக் கொடுக்க முடியும். பீர் மைதீன் இருபத்தெட்டு வருஷம் அங்கே சல்லடை ஆட்டினவர். சல்லடை என்றால் வீட்டுச் சல்லடை இல்லை. கட்டில் அகலம் இருக்கும். ரெண்டு பக்கமும் பிடி. இந்தப் பக்கம் பீர் மைதீன், எதிர்ப்பக்கம் சொரிமுத்து. இவர் இழுத்தால் அவர் விட வேண்டும், அவர் இழுத்தால் இவர். காற்று வந்தால் தூள் பறந்துவிடும் என்று கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துத்தான் வேலை. மூக்கிலும் வாயிலும் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். பேச முடியாது. கண்ணால்தான் பேச்சு. சாயங்காலம் துண்டை அவிழ்த்து உதறினால் தும்மல் வராத ஆள் தெருவில் கிடையாது. சளியைத் துப்பினால் வெற்றிலை போட்டவன் துப்பின மாதிரி விழும்.

நோன்பு மாதத்திலும் அதே வேலைதான். ஒன்பது வயசில் நோன்பு பிடிக்கத் தொடங்கியவர் பீர் மைதீன், ஒன்றை விட்டதில்லை. ரொம்ப வருஷத்துக்கு முந்தி, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார்: வேலை செய்யும்போது புகையிலைத் தூள் தொண்டைக்குள் போகிறதே, நோன்பு முறியுமா? ஹஜ்ரத், அதை நீர் விரும்பி முழுங்கவில்லை, ரோட்டுப் புழுதி மாதிரிதான் அது, முறியாது என்றார். பீர் மைதீனுக்கு அப்படி ஒரு நிம்மதி.

இளைப்பு முற்றிப்போன பிறகு நெஞ்சு டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்தார். அதில் ஒரு மாத்திரையை நுழைத்து, திருகி, வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். மாத்திரைக்குள் இருக்கிற பொடி கிறுகிறுவென்று சத்தம் போட்டுக்கொண்டு நெஞ்சுக்குள் போகும். அதற்கு அவர் வைத்த பெயர் ஊதல். "உறியுத சாமானுக்கு ஊதல்னு பேரு வச்ச ஆளு நீருதாம்வே" என்று சொரிமுத்து சிரிப்பார். அதற்கும் பீர் மைதீன் ஹஜ்ரத்திடம் போய் நின்றார். தெரிந்தே உள்ளே இழுக்கிறீர், அதனால் முறியும். ஆனால் நீர் சீக்காளி, உமக்கு விலக்கு உண்டு, நோன்பை விட்டுவிட்டு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடும் என்று அவர் தெளிவாகவே சொன்னார். பீர் மைதீன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தார். போன வருஷ நோன்பில் பகல் பூராவும் ஊதலைத் தொடாமல் கிடந்து, பத்தொன்பதாம் நோன்பன்று கிட்டங்கி வாசலில் விழுந்தார். அன்றோடு வேலையும் போயிற்று.

அதற்குப் பிறகு வந்ததுதான் ரத்தம். பாளையங்கால்வாயில் துணி அலசும்போது ஜமீலா பீவி கைலியை விரித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஈரக் கைலியோடு நேரே வீட்டுக்கு வந்தாள்.

"என்னங்க இது?"

"மூலம்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளாத்தான்."

"பொய் சொல்லாதீங்க. அந்தக் கட்டம் போட்ட கைலியிலயும் இருந்துது. தூள் கறையாக்கும்னு நெனச்சு நான் தேய்ச்சுத் தேய்ச்சுப் போட்டேன்."

ரெண்டு மாசமாக வருகிறது என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினார்கள். முகம் வெளுத்து நகம் வெளுத்து, அடுப்படியிலிருந்து வாசலுக்கு வர நாலு இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் பரிசோதனை. அதற்கு முந்தின நாள் சோறு கிடையாது. ஒரு உப்புப் பொடியை ரெண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, அரை மணிக்கு ஒரு தம்ளர் வீதம் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். நர்ஸ்பிள்ளை சீட்டைக் கையில் கொடுத்து, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்: "சாயந்தரத்துக்குள்ள குடிச்சு முடிச்சிரணும். காலையில ஆறு மணியிலருந்து பச்சைத்தண்ணி படக்கூடாது. வாயில ஒண்ணும் படக்கூடாது. வெறும் வயித்தோட வரணும்."

"நோன்பு மாதிரின்னு சொல்லு தாயி," என்றார் பீர் மைதீன்.

"ஆமா, அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சீட்டை எடுத்தாள்.

குடிக்கிற அன்றைக்கு மத்தியானம் சொரிமுத்து வந்தார். கையில் ரெண்டு துண்டு பொங்கல் கரும்பு. கிட்டங்கியில் இப்போது அவருக்குச் சல்லடை இல்லை, லாரியில் சாக்கு ஏற்றுகிற வேலை. வாசலில் நின்று, துண்டால் வாயைப் பொத்தி ரெண்டு இருமல் இருமிவிட்டு உள்ளே வந்தார்.

"பாழாப்போன பனி. என்ன மைனி, பாய் எங்க?"

ஜமீலா பீவி சுளகில் இலையும் தூளுமாக உட்கார்ந்திருந்தாள். கை தன்பாட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தது. கொல்லைப்பக்கம் தாடையைக் காட்டினாள். "எட்டாம் தடவை."

பீர் மைதீன் கக்கூசிலிருந்து வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டிருந்தார் என்றால், ரெண்டு எட்டு வைத்து, சுவரைப் பிடித்து நின்று, வாயைக் குவித்து மூச்சை விட்டு, இன்னும் ரெண்டு எட்டு. சொரிமுத்து ஓடிப்போய் அடுப்படி முக்காலியை எடுத்துக்கொண்டு எதிரே போனார்.

"உக்காரும்வே."

பீர் மைதீன் உட்கார்ந்தார். நெஞ்சுக்கூடு மேலும் கீழும் போயிற்று. கொஞ்சம் ஆசுவாசமானதும் எழுந்து நாலு எட்டு. சொரிமுத்து முக்காலியைப் பின்னாலேயே தூக்கிவந்து மறுபடி போட்டார். இப்படியே வீட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

"ராசா சிம்மாசனத்தோடல்லா போயிட்டு வாராரு, கக்கூசுக்கு," என்றார் சொரிமுத்து.

"சிரிக்க வைக்காதலே. இருமல் வந்திரும்."

"கரும்பு கொண்டாந்தேன்."

"ஒண்ணும் திங்கக் கூடாது."

"அப்ப நானே திங்கேன்." சொரிமுத்து உட்கார்ந்து கடிக்கத் தொடங்கினார். சக்கையைத் துப்பிவிட்டு, குரலைத் தணித்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

பீர் மைதீன் பொண்டாட்டியின் கையைப் பார்த்தார். அவள் கத்தரித்து வைத்திருந்த இலைகளில் ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"படுக்கச் சொல்லுதான்லே," என்றார். "அரை மணி நேரம். கட்டியைப் பத்திக்கூட நெனப்பு ஓடலை. படுக்கணுமேன்னுதான் இருக்கு. குளிப்பாட்டுதுக்கு மையத்தைக் கெடத்துத மாதிரி கெடத்தி, பின்னால குழாயைச் சொருகி... மூச்சு நின்னுதுன்னா அப்படியே போயிருவேன். ஒரு கலிமா சொல்லக்கூட மூச்சு இருக்காது."

"வாயைக் கழுவுங்க," என்றாள் ஜமீலா பீவி, கையை நிறுத்தாமல். "அடுத்த தம்ளருக்கு நேரமாச்சு."

மறுநாள் காலையில் ஆறரை மணிக்கு, சொரிமுத்துவையும் சேர்த்து மூன்று பேராகப் புறப்பட்டார்கள். ஜமீலா பீவி ஊதலைத் துடைத்து மாத்திரையை நுழைத்து நீட்டினாள்.

"வேண்டாம்."

"ஏன்?"

"வாயில ஒண்ணும் படக்கூடாதுன்னு அந்தப் பிள்ள சொன்னால்லா. ஆறு மணி தாண்டிட்டு."

"இது மருந்துல்லா?"

"மருந்துன்னா உள்ள போகாதா? நோன்பு மாதிரிதான்னு அவளே சொல்லிட்டா. இதை உறிஞ்சி, அதனால சோதனை கெட்டுப்போயி, மறுபடியும் வாரும்னு சொன்னாம்னா? அந்தத் தண்ணியை மறுபடி நான் குடிக்க மாட்டேன். படுக்கவும் மாட்டேன்."

அவள் சொரிமுத்துவைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷ நோன்பை எதிரே நின்று பார்த்த ஆள் அவர். "பாய் சொல்லுததும் சரிதான் மைனி. எதுக்கு வம்பு? அங்கன போயி முடிச்சிட்டு உறிஞ்சட்டும்." ஜமீலா பீவி ஊதலைப் பைக்குள் போட்டாள்.

கொக்கிரகுளம் தாண்டி ஆற்றுப்பாலத்தில் பஸ் ஏறும்போது எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஆறு முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பனிக்காற்று சன்னல் வழியாக வந்து பீர் மைதீனின் நெஞ்சில் இறங்க, உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு விசில் தொடங்கியது. வாயில் எச்சில் ஊற ஊறத் தலையை வெளியே நீட்டித் துப்பினார்.

"பாய், பைய," என்று கண்டக்டர் சத்தம் போட்டார். "பின் சீட்டுல உள்ளவரு இப்பத்தான் குளிச்சு நீறு பூசி வந்திருக்காரு."

பஸ்ஸே சிரித்தது. பீர் மைதீன் துண்டில் துப்பினார். எச்சில்கூட முழுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பின்பக்கம் திறந்த ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். ஐம்பத்தேழு வயசில் பொண்டாட்டியைத் தவிர யாரும் பார்க்காத உடம்பு. நர்ஸ்பிள்ளை ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். கட்டிலோரப் பெட்டியில் சிவப்பாக எண்பத்தெட்டு என்று எரிந்தது.

"கம்மியா இருக்கே. இளைப்புக்கு மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கீங்களா?"

"எடுக்கேன் தாயி." பொய் இல்லை. மூன்று வருஷமாக எடுக்கிறார்தானே.

அவள் எழுதிக்கொண்டாள். டாக்டர் வந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்து இடது பக்கம் சாய்த்தார்கள். மூட்டை வந்து நெஞ்சில் இறங்கியது. பீர் மைதீன் கண்ணை மூடினார். பின்பக்கம் சில்லென்று எதுவோ பட்டது, உள்ளே போயிற்று. வலியைவிட, ஒரு கூச்சம். நடுத்தெருவில் கக்கூசுக்கு உட்கார்ந்துவிட்ட மாதிரி. அப்புறம் காற்று. குடலை விரிக்கக் காற்றை ஊதுகிறார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. வயிறு உப்பி உப்பி மேலே ஏறி, மிச்சமிருந்த நெஞ்சையும் கீழிருந்து நெருக்கியது. மேலே மூட்டை, கீழே வயிறு. நடுவில் ஒரு சாண் இடத்தில் மூச்சு எலி மாதிரி ஓடியது.

"டி.வி.யைப் பாரும்," என்றார் டாக்டர். "உம்ம குடல்தான்."

கண்ணைத் திறந்தார். ஈரமான சிவப்பு வளையங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்தன. ஒரு வளைவு. இன்னொன்று. பெட்டியின் சத்தம் பைய இறங்கிக்கொண்டே போயிற்று.

"ஆங்... இந்தா இருக்கு. பாரும் பாய். காம்பு! காம்பு வச்சுத் தொங்குது பாத்தீரா?"

பார்த்தார். ஒரு சிவந்த உருண்டை, மூக்குத்திருகாணி மாதிரி ஒரு தண்டில் ஆடிக்கொண்டிருந்தது. காம்பு. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தார். சத்தம் வரவில்லை. காற்று வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. கை தானாக எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டியது.

"எழுபத்தெட்டு சார்," என்றாள் நர்ஸ். "எழுபத்தஞ்சு."

"கம்பியை எடு. அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிடும்..."

"சார், உதடு கறுக்குது."

"வெளிய எடு! தூக்கி உக்கார வை!"

முகத்தில் ஒரு மூடியைப் போட்டார்கள். அதிலிருந்து புகை மாதிரி மருந்து வந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் பீர் மைதீனுக்கு எதிரே நிற்கிறவர் டாக்டர் என்று தெரிந்தது. சட்டையெல்லாம் வேர்வை அவருக்கு.

"கடைசியா எப்பவே மருந்து உறிஞ்சினீரு?"

"நேத்து பொழுதடைய."

"காலையில?"

"இல்ல சார். வாயில ஒண்ணும் படக்கூடாதுன்னு சொன்னாங்க. எச்சிகூட முழுங்கலை." மூச்சுக்கிடையிலும் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நர்ஸைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தால் திட்டவில்லை.

"அது வயித்துக்குச் சொன்னது பாய். நெஞ்சுக்கு இல்ல. உம்மகிட்ட அதைப் பிரிச்சுச் சொல்லாதது எங்க தப்பு. எதிரே தொங்குச்சு. அஞ்சு நிமிஷ வேலை." கையை விரித்துக் காட்டினார். "இப்ப என்னன்னா, காம்போட அடி தடிச்சிருக்கு. ரொம்ப நாள் விட்டா அது சுவரைப் பிடிச்சிரும். பத்து நாள்ல வாரும். முதல்லருந்து எல்லாம் செய்யணும்."

"அந்தத் தண்ணியுமா?"

"அந்தத் தண்ணியும்."

வீட்டுக்கு வந்து துப்பட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஜமீலா பீவி சுளகை மடியில் இழுத்துவைத்தாள். பத்துப் பீடி சுற்றும்வரை பொறுத்தாள்.

"இருபத்தெட்டு வருஷம் தூளை முழுங்கிக்கிட்டே நோன்பு பிடிச்சீங்க. அதுக்கெல்லாம் முறியலை. ஒரு சிட்டிகை மருந்துக்கு முறிஞ்சிருமாக்கும்?"

"ஹஜ்ரத்து சொன்னாவ..."

"ஹஜ்ரத்து என்ன சொன்னாவன்னு எனக்கும் தெரியும். உங்களுக்கு விலக்குன்னு சொன்னாவ. அந்தப் பாதி உங்க காதுல விழலை. விழாது. ஆம்பளைக்கு வீம்பு காதை அடைச்சிரும்." பீடியின் தலையை நகத்தால் மடக்கினாள். "நானும்லா சேந்து கெடுத்தேன். கையில வச்சுக்கிட்டு நின்னேன். வாயைப் பிடிச்சுத் திணிச்சிருக்கணும்."

பத்தாம் நாள் என்று எண்ணிப் பார்த்தால் ஐந்தாம் நோன்பு. பிறை தெரிந்து ஊரே குளித்து முழுகித் தராவீஹ் தொழுகைக்குப் போனது. பீர் மைதீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காம்பு தடிக்கிறதா, சுவரைப் பிடிக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொட்டால் தெரியுமா? தெருவில் யார் எதிர்ப்பட்டாலும், "நோன்பு எப்படி?" என்று கேட்டுவிடுவார்களோ என்று வாசலுக்கே வரவில்லை. நாலாம் நோன்பன்று, தெரு பூராவும் வாய் உலர்ந்து கிடக்கிற பட்டப்பகலில், வாசல்கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தம்ளர் தம்ளராக உப்புத்தண்ணீரைக் குடித்தார். தொண்டைச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்று ஒவ்வொரு மடக்கையும் பைய இறக்கினார். ஜமீலா பீவி நோன்போடு எதிரே உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தாள். சொரிமுத்து முக்காலி சுமந்தார்.

விடிந்தது. பஜ்ர் பாங்கு சொல்லி, தெரு வாயை மூடிக்கொண்டது. ஆறு மணிக்கு ஜமீலா பீவி ஊதலை எடுத்தாள். மாத்திரையை நுழைத்துத் திருகினாள். கொடுக்கவில்லை, அவளே அவர் வாயில் வைத்துப் பிடித்தாள்.

"இழுங்க."

பீர் மைதீன் அவள் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிப் போயிருந்தது, அவருக்கு.

"நானாப் போயி விரும்பி உறிஞ்சுதேன்," என்றார். "அல்லா பாத்துக்கிட்டு இருக்கான்."

"பாக்கட்டும். பாத்துத்தான் விலக்கு கொடுத்திருக்கான். இழுங்க."

கிறுகிறுவென்று அந்தச் சத்தம், நோன்புக் காலையில், வீடு பூராவும் கேட்டது. ரெண்டு தடவை.

டாக்டர் அம்மையப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் முதல் கேள்வியே அதுதான். "எடுத்தீரா?"

பீர் மைதீன் வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். நாக்கில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. பெட்டியில் தொண்ணூத்திரண்டு எரிந்தது.

"சார்," என்றார் பீர் மைதீன், "சொரிமுத்துன்னு ஒரு ஆளு வெளிய நிக்கான். அவனை என் எதிரே நிக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா நிக்கட்டும்."

டாக்டர் நர்ஸிடம் திரும்பினார். "செருப்பைக் கழத்திட்டு வரச் சொல்லு."

சொரிமுத்து வந்தார். வந்தவர் நண்பன் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் முகம் செத்துப்போய், கதவோரமே நின்றார். "எதிரே வாலே," என்றார் பீர் மைதீன். வந்தார். இடது பக்கம் சாய்த்தார்கள். மூட்டை இறங்கியது. குழாய் போயிற்று. காற்று ஏறியது. வயிறு நெருக்கியது. எலி ஓட ஆரம்பித்தது. பீர் மைதீன் கண்ணை மூடவில்லை. சொரிமுத்துவின் கண்ணைப் பார்த்தார்.

சொரிமுத்துக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. அப்புறம் ரெண்டு கையையும் இடுப்புக்கு நேரே நீட்டி, சல்லடைப் பிடியைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கினார். இழுத்தார். விட்டார். இழுத்தார். விட்டார். அவர் இழுக்கும்போது பீர் மைதீன் விட்டார். அவர் விடும்போது பீர் மைதீன் இழுத்தார். ஒரு வார்த்தை பேச்சில்லை. இருபத்தெட்டு வருஷமும் பேசினதில்லை.

"என்னவே நடக்கு இங்க?" என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னமும் செய்யுங்க. நிறுத்தாதீங்க."

"எண்பத்தொம்பது சார்... எண்பத்தேழு. அப்படியே நிக்கு."

"வந்துட்டேன். கம்பி போகுது. அசையாதீரும்."

உதடு விறைத்தது. மூட்டை கனத்தது. இதோ வருகிறது, அன்றைக்கு வந்த அதே அடைப்பு. தொண்டைக்குக் கீழே நாலு விரற்கடையில் நிற்கிறது. சொரிமுத்து இழுத்தார். விட்டார். அவர் நெற்றியிலும் வேர்வை வழிந்தது. திரையில் ஒரு கம்பி வளையம் உருண்டைக்கு மேலே ஏறி, இறங்கி, காம்பில் விழுந்து இறுகியது. கம்பிச் சூட்டில் அடி வெள்ளையாகப் பொரிந்தது. உருண்டை சாய்ந்தது.

"ஆச்சு," என்றார் டாக்டர்.

ஒரு சின்னப் போத்தலில், கொஞ்சம் மருந்துத்தண்ணீரில் போட்டு அதைக் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும்போது அவ்வளவு பெரிசாகத் தெரிந்தது, பீடித்துண்டு அளவுகூட இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள லேபில் கொடுத்து வர வேண்டும். "அடி சுத்தமா வந்திருக்கு. ஆனா என்ன சதைன்னு பாத்தாத்தான் தெரியும். பத்து நாள் ஆகும்," என்றார் டாக்டர். மறுபடியும் பத்து நாள்.

பீர் மைதீனைக் கைலி கட்டி வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சுவரில் சாய்ந்துகொண்டார். ஜமீலா பீவி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இந்தச் சவமா?" என்றாள். சொரிமுத்துவிடம் கொடுத்தாள். பையிலிருந்து தண்ணீரை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். அவள் உதடு வெடித்திருந்தது. அவர் தயங்கினார்.

"குடிங்க," என்றாள். "எனக்கும் சேத்துக் குடிங்க."

குடித்தார். குடிக்கும்போதுதான் சத்தம் கேட்டது. போத்தலோடு படியிறங்கின சொரிமுத்து மூன்றாவது படியில் நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து இருமினார். ஒன்று, ரெண்டு என்று நிற்கிற இருமல் இல்லை. அடியிலிருந்து வந்தது. போத்தல் விழாமல் நெஞ்சோடு அணைத்திருந்தார். முடிந்ததும் நிமிரவில்லை, வாயைக் குவித்து மூச்சை விட்டார். இன்னொரு தடவை விட்டார். அந்தக் குவிந்த வாயை பீர் மைதீனுக்குத் தெரியும்.

"லே சொரி," என்று கூப்பிட்டார். "எத்தனை நாளா?"

சொரிமுத்து திரும்பிப் பார்க்காமல் துண்டால் வாயைத் துடைத்தார். துண்டைப் பார்த்து, மடித்துத் தோளில் போட்டார்.

"ரெண்டு நாளாத்தாம்வே. பனியில்லா."

ஜமீலா பீவி தலையைக் குனிந்துகொண்டாள். பீர் மைதீன் மேலே ஏறி வரும்படி கையைக் காட்டிவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.